திருப்பிக் கேள்

ஆவடி,
22 ஜூன் 2025

அன்புள்ள ரேஷ்மா அக்காவுக்கு,

எழில் எழுதுகிறேன். குவார்ட்டர்ஸில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் இருமல். ஒரு மழை பெய்தால் போய்விடும் என்கிறாள். நீ எப்படி இருக்கிறாய்? புதுக் கட்டில், புதுத் தட்டு, புது ஆட்கள் எல்லாம் பழகிவிட்டதா? உன் வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. சேர்ந்த முதல் வாரமே வயிற்று வலி என்று அழுது, ராகவன் பெரியப்பாவை நாமக்கல் வரை ஓடிவர வைத்து, டாக்டர் ஒன்றுமில்லை என்றதும் நீ சிரித்துவிட்டாயாமே! பெரியப்பாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை. "இனிமே அவ என்ன சொன்னாலும் நான் அசைய மாட்டேன்" என்று சரசா பெரியம்மாவிடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

உங்கள் விடுதியில் போன் கூடாது, கடிதம் மட்டும்தான், அதையும் வார்டன் மேடம் பிரித்துப் படித்த பிறகுதான் தருவார் என்று பெரியம்மா சொன்னார். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வார்டன் மேடத்துக்கு என் மரியாதையான வணக்கம். நான் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் ஒழுங்கான பெண். கையெழுத்து புரியாவிட்டால் மன்னிக்கவும்.

இனி நம் விஷயம். போன ஞாயிறு பட்டாபிராமில் நம் 'கூட்ஸ் வண்டி' இசைக்குழுவின் கச்சேரி. நீ இல்லாமல் போனது இதுதான் முதல் முறை. ஹேமநாதன் அண்ணா வழக்கம்போல் ஸ்டூலில் உட்கார்ந்து, விரலில் அந்த இரும்புக் குழாயை மாட்டிக்கொண்டு கம்பியில் இழுத்தார். ஜெகதீஷ் அண்ணா நின்றுகொண்டே பதில் சொன்னார். அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை, கவனித்திருக்கிறாயா? ஒருவர் பாதியில் விட்ட இடத்தை மற்றவர் சரியாக வந்து பிடித்துக்கொள்கிறார். ப்ளூஸ் ராக் என்றால் வெளிநாட்டுச் சங்கதி என்று கணக்கு மிஸ் சொல்கிறார். பட்டாபிராம் மிலிட்டரி லைனில் சரக்கு ரயில் போகும் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்து சொல்லட்டும்.

ஒரு வருத்தம். நம் ஹெட்செட் பெரியப்பாவிடம் போய்விட்டது. மாதத்தின் முதல் ஞாயிறு உன்னைப் பார்க்க வரும்போது அதையும் போனையும் கொண்டுவருவாராமே, நல்லது. எனக்குப் புதிது வாங்கித் தர மாட்டேன், காது கெட்டுப் போகும் என்று அப்பா சொல்லிவிட்டார். போன் ஸ்பீக்கரில்தான் கேட்கிறேன். அதில் இரண்டு கிட்டாரும் ஒன்றாகக் குழைந்து வருகிறது. ரயிலில் ஒரே ஹெட்செட்டை ஆளுக்கு ஒரு காதில் வைத்துக்கொண்டு போவோமே, இடது பக்கம் உனக்கு, வலது எனக்கு! அவர்கள் பாட்டுகளில் எப்போதும் இடது பக்கம் பெரியவர் ஹேமநாதன் அண்ணா, வலது பக்கம் சின்னவர் ஜெகதீஷ் அண்ணா. அதனால்தானே நீ பெரியவர் கட்சி ஆனாய், நான் சின்னவர் கட்சி ஆனேன்.

நன்றாகச் சாப்பிடு.

உன் பிரியமுள்ள,
எழிலரசி


விடுதி,
6 ஜூலை 2025

அன்புத் தங்கை எழிலுக்கு,

நலம். நீயும் சித்தியும் சித்தப்பாவும் நலமாக இருக்க வேண்டும் என்று இங்கே வரிசையில் நின்று இட்லி வாங்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். (இட்லியைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை. அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் சாப்பாடு வந்த இடங்களையெல்லாம் மேடம் கறுப்பு மையால் அழித்துவிட்டார்.)

உன் வணக்கத்தைப் படித்து மேடம் சிரித்தார். "பாட்டுக் கிறுக்குங்க இதுங்க ரெண்டும்" என்று காவலாளியிடம் சொன்னார். ஆனால் பாட்டைப் பற்றிய வரிகளில் மை படவில்லை. ஆகவே பாட்டைப் பற்றியே எழுது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

இன்று அப்பா வந்தார். மேடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பேச ஒன்றும் இல்லாததால் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு 'சிக்னல் போடு' பாட்டைக் கேட்டேன். எழில், அந்த நடுப்பகுதி! பெரியவர் இழுக்கும்போது யாரோ என் இடது காதுக்குள் ஒன்றைச் சொல்ல வந்து, வேண்டாம் என்று நிறுத்திக்கொள்வது போல் இருக்கிறது. உடனே வலது பக்கத்திலிருந்து சின்னவர் "நான் சொல்றேன்" என்று ஆரம்பிக்கிறார். உன் கட்சிக்காரருக்கு அவசரம் அதிகம்.

என் இடப்பக்கக் கட்டிலில் லாவண்யா என்று ஒரு பெண், திருவள்ளூர். விளக்கணைத்த பிறகு ரகசியமாகக் கதை சொல்வாள். அவளையும் நம் கூட்டத்தில் சேர்த்துவிடலாம்.

அடிக்கடி எழுது.

அன்புடன்,
அக்கா ரேஷ்மா


ஆவடி,
13 ஜூலை 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் இருமல் போய்விட்டது, அப்பாவுக்கு வந்துவிட்டது. வார்டன் மேடத்துக்கு வணக்கம், சிரித்ததற்கு நன்றி.

பெரிய செய்தி: புதுப் பாட்டு வருகிறது! 'மூணாவது லைன்' என்று பெயர். ஒத்திகையை வாசலில் நின்று கேட்டேன். தாளம் அப்படியே சரக்கு ரயில்தான். டடக்-டடக், டக். டடக்-டடக், டக். அந்த ஒற்றை 'டக்' கொஞ்சம் தாமதமாக விழ வேண்டும், கடைசிப் பெட்டி தண்டவாள இணைப்பைத் தாண்டுவது போல. படிக்கும்போது மேசையில் தட்டிப் பார். பாட்டு வருவதற்குள் உன் விரலுக்குப் பழகிவிடும்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. புதுப் பாட்டின் போஸ்டரில் ஜெகதீஷ் அண்ணா முகம் மட்டும்தான் இருக்கிறது. பெரியவர் எங்கே? நான் சின்னவர் கட்சிதான். அதற்காக அண்ணனில்லாத தம்பியை எனக்கு வேண்டாம். இருவரில் ஒருவர் போனால் கூட்ஸ் வண்டியே இல்லை. நீ என்ன நினைக்கிறாய்?

பதிலை எதிர்பார்க்கும்,
எழில்


விடுதி,
10 ஆகஸ்ட் 2025

அன்பு எழிலுக்கு,

நலமா? நீ நடுவில் போட்ட இரண்டு கார்டுகளும் வந்தன. எழுத முடியவில்லை. ██████████████████████ இப்போது பரவாயில்லை.

போன ஞாயிறு அப்பா வந்தபோது புதுப் பாட்டைக் கேட்டேன். நீ சொன்னது சரிதான், பெரியவரிடம் ஏதோ மாறியிருக்கிறது. அவர் ரொம்பத் தூரத்தில் நின்று வாசிக்கிறார். சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பது போல. போன மாதம் என் காதுக்குள் இருந்தவர். ஜூலைக் கடைசியிலிருந்துதான் இப்படி. நீ இதைக் கொஞ்சம் யோசி. நீ நிறையப் படிக்கிற பெண்.

லாவண்யா என்னோடு பேசுவதில்லை. எனக்குத் திமிராம். ராத்திரி அவள் கதை சொன்னால் நான் "ம்" கொட்டுவதில்லையாம்.

வகுப்பில் இடது ஓர பெஞ்சுக்கு மாறிவிட்டேன். அங்கிருந்தால் ஆசிரியர் என் வலப்பக்கம் இருப்பார்.

சித்தப்பாவை இருமலைக் கவனித்துக்கொள்ளச் சொல்.

ரேஷ்மா


ஆவடி,
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா நலம், அம்மா நலம், நான் மட்டும் சரியாகத் தூங்கவில்லை. காரணம் நீ எழுதியதுதான். வார்டன் மேடத்துக்கு வணக்கம். கடிதத்தின் ஆரம்பத்தில் ஒரு நீளமான கறுப்பு வரி இருந்தது. சாம்பாரா, ரசமா?

பெரியவர் தூரத்தில் வாசிக்கிறார் என்றாயே, அந்த வரியை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். எவ்வளவு கூர்மையாகக் கேட்டிருக்கிறாய்! ஸ்பீக்கரில் எனக்கு ஒன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் நான் மற்ற தடயங்களைச் சேர்த்தேன். போஸ்டரில் பெரியவர் இல்லை. அம்பத்தூரில் போன வாரம் ஒரு ஆடித் திருவிழாவில் சின்னவர் மட்டும் வாசித்தாராம். பாட்டின் கீழே ஒரு ரசிகர் "அண்ணன் எங்கே?" என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. ஆகவே என் முடிவு: சின்னவர் வேண்டுமென்றே அண்ணனின் கிட்டாரைச் சத்தம் குறைத்துப் பதிவு செய்திருக்கிறார். முதலில் சத்தத்தைக் குறைப்பது, அப்புறம் படத்தை எடுப்பது, அப்புறம் ஆளையே. கதைகளில் சிம்மாசனத்துக்கு ஆசைப்படும் தம்பிகள் இப்படித்தான் செய்வார்கள்.

என் கட்சித் தலைவரையே நான் சந்தேகப்படுகிறேன், பார்த்தாயா? நீதான் இதில் என் முக்கிய சாட்சி. அடுத்த முதல் ஞாயிறு இன்னும் கவனமாகக் கேட்டு எழுது.

உன் கடிதங்கள் குட்டையாகிக்கொண்டே போகின்றன என்று அம்மா சொல்கிறாள். பரீட்சையா?

துப்பறியும்,
எழில்


விடுதி,
7 செப்டம்பர் 2025

அன்பு எழிலுக்கு,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். இன்று அப்பா வந்து போனார்.

கவனமாகக் கேட்டேன். கேட்டதை அப்படியே எழுதுகிறேன், நீயும் மெதுவாகப் படி. பெரியவர் இப்போது பாட்டிலேயே இல்லை. 'மூணாவது லைன்' மட்டுமல்ல, பழைய பாட்டுகளிலும் இல்லை. 'சிக்னல் போடு' நடுப்பகுதியில் சின்னவர் மட்டும் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார், எதிரில் ஆள் இல்லாமல்.

பிறகு திருப்பிக் கேட்டேன். அப்போது பெரியவர் வந்துவிட்டார், முழுசாக. சின்னவர் காணாமல் போய்விட்டார்.

புரிகிறதா? அப்பாவுக்கு இந்தப் பாட்டெல்லாம் ஒன்றும் புரியாது. அவரிடம் கொஞ்சம் சொல்லிப் பார்த்தேன், "மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா" என்றார். உன்னைத் தவிர இதைக் கண்டுபிடிக்க வேறு ஆளில்லை. கண்டுபிடிக்காவிட்டால் நான் இங்கே எப்படி இருப்பேன் என்று தெரியவில்லை.

நீயும் திருப்பிக் கேள்.

ரேஷ்மா


ஆவடி,
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. வார்டன் மேடத்துக்கு வணக்கம்.

நீ சொன்னபடி திருப்பித் திருப்பிக் கேட்டேன். "அந்தப் பாட்ட விடேன்டி" என்று அம்மா போனைப் பிடுங்கும் வரை கேட்டேன். எத்தனை முறை கேட்டாலும் ஒரே மாதிரிதான் வருகிறது. உனக்கு மட்டும் முதல் முறை பெரியவர் இல்லாமலும் இரண்டாம் முறை சின்னவர் இல்லாமலும் எப்படி வரும்? ஒரே ஒரு விளக்கம்தான் இருக்க முடியும். பாட்டுக்கு இரண்டு பதிவுகளை மாற்றி மாற்றி ஏற்றியிருக்கிறார்கள். பழைய பாட்டுகளிலிருந்துகூடப் பெரியவரை அழித்துவிட்டார்கள். இது சாதாரணச் சண்டை இல்லை!

எனவே நேரடி விசாரணையில் இறங்கினேன். பட்டாபிராமில் ஜெகதீஷ் அண்ணா வேலை செய்யும் போன் ரிப்பேர் கடைக்கு, ஸ்கிரீன் கார்டு ஒட்ட வேண்டும் என்ற சாக்கில் போனேன். பேசியதை அப்படியே தருகிறேன்.

"அண்ணா, ஹேமநாதன் அண்ணா எங்கே?"

"வேலைக்குப் போய்க்கீறான். இன்னா மேட்டரு?"

"புதுப் பாட்டுல அவர் வாசிச்சிருக்காரா?"

"அவன் வாசிக்காம, பின்ன உங்க நைனாவா வாசிச்சாரு?"

"அப்போ போஸ்டர்ல ஏன் அவர் இல்ல?"

"அவன் மூஞ்சியப் போட்டா வர்ற நாலு பேரும் வர மாட்டாங்கம்மா. கைய எடு, கம் ஒட்டிக்கப் போவுது."

பேசும்போது அவர் என் கண்ணைப் பார்க்கவே இல்லை. (ஸ்கிரீன் கார்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், உண்மை. ஆனாலும் ஒரு தடவையாவது நிமிர்ந்திருக்கலாம்.) "அவன் மூஞ்சி" என்று சொன்னபோது குரலில் கசப்பு இருந்ததா, கேலியா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆயுத பூஜை அன்று மண்ணூர்பேட்டையில் பெரியவர் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் கூட்ஸ் வண்டி வாசிக்கப் போகிறதாம். முதலாளி ஏகாம்பரம் மாமா அப்பாவின் பழைய நண்பர். நாங்கள் போகிறோம். அன்று பெரியவர் மேடையில் இல்லையென்றால் எல்லார் முன்னாலும் கேட்டுவிடுவேன்.

உறுதியுடன்,
எழில்


விடுதி,
21 செப்டம்பர் 2025

எழில்,

நலமா?

ஜெகதீஷ் அண்ணாவைச் சந்தேகப்படாதே. யாரும் யாரையும் துரத்தவில்லை. பாட்டில் ஒரு குறையும் இல்லை. பாட்டு அப்படியேதான் இருக்கிறது.

திருப்பிக் கேள் என்றேனே. மறுபடி அல்ல. திருப்பி.

மேடம் இதைப் படித்துவிட்டு "ஒரே பாட்டையே எத்தனை வாட்டி கேக்கறது?" என்பார். நீ அப்படி நினைக்காதே.

ரேஷ்மா


ஆவடி,
2 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பெரியப்பா கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். வாசலில் இதையும் வாங்கிப் படிப்பார்கள் என்பதால் பாட்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: உன் போன கடிதம் வந்ததும் உன்னையே சந்தேகப்பட்டேன். பெரியவர் கட்சிக்காரி திடீரென்று சின்னவரை ஏன் காப்பாற்றுகிறாள் என்று. அந்தக் கோபத்தோடுதான் நேற்று மண்ணூர்பேட்டைக்குப் போனேன்.

பட்டறையை நீ பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு லேத்துக்கும் சந்தனம், குங்குமம், மாலை. எண்ணெய் வாசனையும் சாம்பிராணி வாசனையும் கலந்து மூக்கில் ஏறியது. இரண்டு லேத்துகளுக்கு நடுவே ஆம்ப்ளிஃபயரை வைத்து, ஜெகதீஷ் அண்ணா தனியாக நின்று கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். ஸ்டூல் காலியாக இருந்தது. எனக்கு அது போதும். நேராகப் போய் நின்றேன்.

"அண்ணா, பெரியவர ஏன் தொரத்துனீங்க?"

"ஸ்கிரீன் கார்டு போட வந்த பொண்ணுதான நீ? இன்னாம்மா சொல்ற?"

"பாட்டுலேர்ந்து அவர அழிச்சிட்டீங்க. பழைய பாட்டுலேர்ந்தும். என்கிட்ட சாட்சி இருக்கு."

ஏகாம்பரம் மாமா தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவிடம், "இன்னாப்பா, உன் பொண்ணு போலீஸ் ஸ்டேசன்லேர்ந்து வந்துகீதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்போது பின்வாசல் வழியாகத் தலையில் பொரி மூட்டையோடு ஒருவர் வந்தார். ஹேமநாதன் அண்ணா.

"யாரு யாரத் தொரத்துனது?"

"உன்ன நான் தொரத்திட்டனாம்டா!"

"நெசமாவே தொரத்தேன், நைனா. ஊட்ல போய் ஒரு நாள் தூங்குவேன்."

எனக்கு முகம் சுட்டது. இருந்தாலும் விடவில்லை. என் அக்கா கேட்டாள், இடது பக்கம் காலி என்று எழுதியிருக்கிறாள் என்றேன். பெரியவருக்கு அது பொறுக்கவில்லை. அவர் வாசித்த பக்கம் ஆயிற்றே! பொரியை இறக்கிவிட்டு, சவுண்ட் மிக்ஸர் பக்கம் தொங்கிய பெரிய ஹெட்போனை எடுத்து அவரே என் தலையில் மாட்டி, 'மூணாவது லைன்' போட்டார். "இடது பக்கம் கேளும்மா. கூவிக்கினு வருது பாரு, அது நானு."

கேட்டேன். இடது பக்கத்தில் சின்னவர் வந்தார். பெரியவர் வலது பக்கத்தில் இருந்தார். "இல்லையே, மாறி வருதே!" என்று நான் கத்தினேன். வழக்கையே ஜெயித்துவிட்ட மாதிரி.

ஜெகதீஷ் அண்ணா என் தலையை எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "டேய், திருப்பி மாட்டிக்கீற பாரு! நீ என் ஊட்ல கீற, நான் உன் ஊட்ல கீறேன்." ஹெட்போனைக் கழற்றி, இடதை வலதாக மாற்றி மாட்டினார். "இப்போ கேளும்மா."

அக்கா, 'திருப்பி' என்று அவர் சொன்ன பிறகு பாட்டு ஓடியது, நான் கேட்கவில்லை. திமிர் பிடித்தவள் என்று சொன்ன லாவண்யாவின் கட்டில் உனக்கு எந்தப் பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, இதுக்குப் போயி அழுவுற?" என்றார் பெரியவர்.

"எங்கக்கா உங்க கட்சிண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

அவர்கள் வாசிக்கத் தொடங்கும் முன்பே அப்பாவை இழுத்துக்கொண்டு பாரிவாக்கத்தில் உங்கள் வீட்டுக்குப் போனேன். பெரியம்மாவிடமும் பெரியப்பாவிடமும் பாட்டைப் பற்றி முழுசாகச் சொன்னேன். பெரியம்மாவுக்குப் பாட்டு பிடிக்காது என்று உனக்குத் தெரியும், அழுதுவிட்டார். பெரியப்பா முதலில் அசையவில்லை. "போன தடவ வயிறு, இந்தத் தடவ வேறயா?" என்றார். நீங்களே போய்ப் பக்கத்தில் நின்று கேட்டுப் பாருங்கள் என்றேன். பையை எடுத்து வைத்துவிட்டார். முதல் ஞாயிறு வரை காத்திருக்காமல் நாளைக் காலையிலேயே கிளம்புகிறார்கள். விடுதிக்கு முன்கூட்டியே சொல்லவில்லை.

பெரியவர் பத்திரமாக இருக்கிறார், தன் இடத்திலேயே. அதை நான் பார்த்துவிட்டேன்.

வார்டன் மேடத்துக்கு வணக்கம் எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். மை தீர்ந்துவிட்டது.

உன்
எழில்


பாரிவாக்கம்,
12 அக்டோபர் 2025

என் அருமை எழிலுக்கு,

நான் நலம் என்று எழுதினால் இந்த முறை நீ அதை நம்பலாம். பாதி நலம். போன் கையிலேயே இருக்கிறது, நீயும் நேற்றுத்தான் வந்து போனாய். ஆனாலும் உனக்கு யாரும் பிரிக்காத கடிதம் ஒன்று எழுத வேண்டும் என்று தோன்றியது. உன் முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாத சில விஷயங்களும் இருக்கின்றன.

அந்தக் கறுப்பு வரி சாம்பார் இல்லை. ரசமும் இல்லை. "மேடம் காதில் அறைந்தார், வலி நிற்கவில்லை" என்று எழுதியிருந்தேன். எழுதியதற்கு அன்று சாயங்காலம் தனியாக விசாரணை. அந்த வரியை அழித்துத் தாளைத் தந்த பிறகுதான், மீதியை அதே தாளில் பாட்டின் வழியாக எழுதினேன்.

ஏன் அறைந்தார் என்பதை உன்னிடம் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். நீ எப்படியும் துப்பறிந்துவிடுவாய். ஜூலைக் கடைசியில் படிப்பு நேரத்தில் மேசையில் தட்டிக்கொண்டிருந்தேன். டடக்-டடக், டக். மேடம் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. அந்தக் கடைசி 'டக்' தாமதமாக விழ வேண்டுமே என்பதில் இருந்தேன். நீ தட்டச் சொன்னாய் என்பதற்காக ஒரு நாளும் அழாதே. நீ எழுதியிருக்காவிட்டாலும் தட்டியிருப்பேன். தட்டியதற்கு அறையலாம் என்று நினைத்தது மேடம், நீ இல்லை.

முதலில் எல்லாம் தூரத்தில் கேட்டது. பிறகு சீழ் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை. செப்டம்பரில் அப்பா வந்தபோது ஹெட்செட்தான் கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தேன். அதைத் திருப்பி மாட்டினேன். பெரியவர் வந்தார், சின்னவர் போனார். அப்போதுதான் நிச்சயமாகத் தெரிந்தது, கெட்டது ஹெட்செட் இல்லை என்று. மேடம் எதிரில் இருந்ததால் சிரித்துக்கொண்டே கழற்றி அப்பாவிடம் கொடுத்தேன். "காது கொஞ்சம் வலிக்குதுப்பா" என்றேன். அதற்குத்தான் "மறுபடியும் ஆரம்பிச்சுட்டியா" என்றார். ஜூன் மாத வயிற்று வலியை நினைத்து அவரை நான் குறை சொல்லவில்லை.

உன் கடைசிக் கடிதத்தோடு அப்பாவும் அம்மாவும் வந்த அன்று நடந்தது அம்மா சொல்லித்தான் தெரியும். நான் பார்வையாளர் அறையில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேனாம். அப்பா இடப்பக்கமாக வந்து நின்று "ரேஷ்மா" என்றாராம். நான் திரும்பவில்லை. இன்னும் நெருங்கி வந்து கூப்பிட்டாராம். திரும்பவில்லை. அப்புறம் அவர் கூப்பிடவே இல்லையாம், பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாராம். நான் எதற்கோ திரும்பிப் பார்த்தபோது அப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். யார் இறந்தது என்று பயந்துவிட்டேன்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும்போது லாவண்யா வாசல் வரை வந்தாள். அம்மா அவளிடம் சொல்லிவிட்டிருந்தாள் போல. என் வலது பக்கமாக வந்து, "கதையெல்லாம் மறுபடி சொல்றேன்டி" என்றாள்.

டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். செவிப்பறை கிழிந்திருக்கிறது, சீழ் உள்ளே போயிருக்கிறது. முதலில் மருந்து, காய்ந்த பிறகு ஆபரேஷன். எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம். "இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா?" என்று அப்பா கேட்டார். டாக்டர் சீட்டு எழுதத் தொடங்கினார். அப்பா அந்தப் பள்ளி மீது புகார் கொடுத்துவிட்டார். நான் இங்கேயே ஒரு பள்ளியிலிருந்து பரீட்சை எழுதுவேன். மார்க்கைப் பற்றி இதுவரை வீட்டில் யாரும் பேசவில்லை. அதுவே பயமாக இருக்கிறது.

நேற்று நீ போன பிறகு ஹெட்செட்டை எடுத்தேன். வலது காதுக்கு மட்டும் போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதுவும் மெதுவாக. 'சிக்னல் போடு' போட்டேன். சின்னவர் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். திருப்பி மாட்டினேன். பெரியவர் அதே இடத்தில், அதே பாதிச் சொல்லில் நின்றுகொண்டிருந்தார். போன தடவை இதைச் செய்தபோது உடனே கழற்றிவிட்டேன். நேற்று பாட்டு முடியும் வரை கேட்டேன்.

அடுத்த ஞாயிறு பட்டாபிராமில் கச்சேரியாமே. வா, ரயிலில் போகலாம். ஜெகதீஷ் அண்ணாவிடம் நீ மன்னிப்புக் கேட்க வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும். ரயிலில் இந்த முறை இடது பக்கத்தை நீ எடுத்துக்கொள், சின்னவரை எனக்குக் கொடு. கட்சி மாறிவிட்டாய் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் பெரியவர் அங்கே என்ன வாசிக்கிறார் என்று நீ எனக்குச் சொல்லிக்கொண்டே வர வேண்டும்.

என் வலது பக்கத்தில் உட்கார்ந்து சொல்.

உன் அக்கா,
ரேஷ்மா